எடை மேடையில் மாமன் சீர்

கயலு,

நீ கிளம்பிப்போய் நாலைந்து நாள் ஆகிறது. நம் வீட்டுக்கு எதிரே உன் பஸ் நின்ற இடத்தில் இப்போது எதிர்வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இத்தனை மாதமும் "எப்பம்மா எடுப்பீங்க, எப்பம்மா எடுப்பீங்க" என்று கேட்டே என் உயிரை வாங்கிய மனிதர், நேற்று வாசலில் நின்று, "பஸ் இல்லாம தெருவே வெறிச்சுனு இருக்குதும்மா" என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் "மா, சிக்னல் போகுது" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துபோவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உங்கப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார். மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படி. எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறார் என்று அவருக்கும் தெரியட்டும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்துவிட்டாய். உன் மாமாவோடு வாதாடி ஜெயித்ததைச் சொல்லவில்லை. அதை நானே சின்ன வயதிலிருந்து செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஜெயித்த பிறகும் அவர் நம் வீட்டு வாசலை மிதித்தாரே, அதைச் சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் அது யாராலும் முடியாத காரியம். நான் ஜெயித்த ஒவ்வொரு தடவையும் அவர் அடுத்த பொங்கல் வரை என்னோடு பேசவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய அந்தப் பழைய பஸ்ஸை நீங்கள் இரண்டு பேரும் வாங்கி வந்த அன்று நான் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாரும் ஃப்ளாட் பார்ப்பார்கள், என் பெண் பஸ் பார்க்கிறாள் என்று அழுதேன். கரூரிலிருந்து வந்து வாடகை ஃப்ளாட்டில் ஒண்டியிருந்த பையன்தானே, அவன்தான் உன் புத்தியைக் கெடுத்துவிட்டான் என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அப்புறம்தான் தெரிந்தது, யோசனை முழுக்க உன்னுடையது, அந்தப் பிள்ளை தலையாட்டியதோடு சரி. (மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.) ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய், நிறுத்திய இடத்தில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்ப்போம் என்றாய். சீட்டையெல்லாம் கழற்றினீர்கள். கட்டில் வந்தது, அடுப்பு வந்தது, குளியலறைகூட வந்தது. அத்தனையும் எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். பழைய பேப்பர்காரரிடம் தராசை இரவல் வாங்கி ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு கதவையும் நீ எடை போட்டுக்கொண்டிருந்தாயே, அதுதான். அலமாரிக்கதவு இரண்டு கிலோ கூடுதல் என்று நீ கழற்றி மாற்றிய அன்று, உனக்குக் கல்யாணப் பதற்றத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்து உன் மாமா. உனக்கு அவரைத் தெரியும், மாப்பிள்ளைக்காக எழுதுகிறேன். ஏழுமலை என் கூடப்பிறந்த அண்ணன். அயனம்பாக்கத்தில் எங்கள் நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு, தன் பங்கில் ஒரு தண்ணீர் லாரி வாங்கி, அன்றிலிருந்து ஃப்ளாட்டுகளுக்குத் தண்ணீர் அடிக்கிறவர். அவருக்குக் குழந்தை இல்லை. கயலுக்குக் காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்காரவைத்தோம். இவள் போட்ட கூச்சலில் ஆசாரியே ஊசியைக் கீழே போட்டுவிட்டார். இவளோடு சேர்ந்து அவரும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்றைக்கே சபையில் சொன்னார், "இந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் எடுத்துனு வர சீர பாத்து ஊரே வாயப் பொளக்கணும்." சொன்னதை அவர் மறக்கவே இல்லை.

ஊர் வாயைப் பிளக்கத்தான் செய்தது. மேளத்தோடு வந்த தட்டுகளுக்குப் பின்னால் குட்டி யானை லோடு வண்டியில் பீரோ வந்தது, தேக்குக்கட்டில் வந்தது, கிரைண்டர் வந்தது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பித்தளை அண்டா வந்தது, மூட்டை மூட்டையாக அரிசி வந்தது. "பஸ்ஸுல ஏதுண்ணே இதுக்கெல்லாம் எடம்?" என்று கேட்டேன். "ஊட்டுக்குத்தானம்மே சீரு? கொளந்தைக்கு பஸ்ஸுதான் ஊடு. அப்ப பஸ்ஸுலதான் ஏத்தணும்" என்றார். கல்யாணம் முடிந்த மறுநாள், நீங்கள் இருவரும் திருவேற்காட்டுக்குச் சாமி கும்பிடப் போயிருந்த நேரத்தில், பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். பின்கதவுதான் அகலம், எனவே எல்லாம் பின்னாலேயே நின்றது. நகராமல் இருக்கட்டும் என்று பீரோவைத் தரையோடு போல்ட் போட்டே முடுக்கிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. ஊறுகாய் ஜாடிகளையும் அம்மிக்கல்லையும் நானாகத்தான் கட்டிலுக்கு அடியில் செருகினேன். மிக்ஸியில் அரைத்த சட்னியைச் சாப்பிட்டு என் பெண் இளைத்துவிடுவாளாம்!

ஏற்றி முடித்ததும் பஸ்ஸின் பின்பக்கம் தழைந்துபோய் நின்றது. உன் மாமாவா அசருகிறவர்? தனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஓட்டிப்போய், பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டை கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய லாரிக்கும் அப்படித்தான் செய்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது, வண்டி தழைந்தால் பட்டை சேர்ப்பது, அதுதான் அவருக்குத் தெரிந்த வழி. திரும்பி வந்த பஸ் நிமிர்ந்து நின்றது. யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

நீ மட்டும்தான் கண்டுபிடித்தாய். டீசல் போட்டு வரலாம் என்று தெருமுனை வரைக்கும் ஓட்டியவள், அப்படியே வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வந்து இறங்கினாய். "ஸ்டியரிங் லேசா இருக்கு, முன்னாடி சக்கரம் ரோட்டை சரியாப் பிடிக்கல" என்றாய். பின்கதவைத் திறந்து பார்த்தாய். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தாய். பிறகு மெதுவாக, "நாளைக்குப் புறப்பட முடியாதும்மா. எடை போட்டுப் பார்க்கணும்" என்றாய்.

சபை நிறைந்த வீடு அது. சொந்தக்காரர்கள் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. சீரை எண்ணிப் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், குறைகூடச் சொல்வார்கள். எடை போட்டுப் பார்த்ததாக நம் பரம்பரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. உன் மாமா முகம் சிவந்துபோயிற்று. "இன்னாது? எஞ்சீர எட போடப் போறியா? நான் இன்னா பழைய இரும்பா எடுத்தாந்துகீறேன்?" என்றார். "அதுலேர்ந்து ஒரு சாமான எறக்குனாலும் சரி, அப்பால இந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்." சீரோடு அனுப்பினால் நீங்கள் ஏறப்போகிற மலைப்பாதையில் உங்களுக்கு என்ன ஆகுமோ. இறக்கினால் கூடப்பிறந்தவர் உறவு அறுந்துபோகும். அவர் சொன்னால் செய்கிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் நீ பேசியதைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உனக்கு என் வாய். கத்தியிருக்கலாம். படித்த திமிரைக் காட்டியிருக்கலாம். நீ அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாய். "மாமா, நீங்க குடுத்தது வேணாம்னு நான் சொல்லவே இல்ல. இது எங்க நின்னா வண்டி தாங்கும்னுதான் கேக்கறேன். பட்டை சேர்த்தா வண்டி நிமிரும், ஆனா டயரும் பிரேக்கும் ஆக்சிலும் அதேதான். அதுக்கு மேல ஏத்தினத அதுங்க தாங்காது. நீங்களே கூட வாங்க, நீங்களே ஓட்டுங்க" என்றாய். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறினார். கோபத்தில்தான் ஏறினார், ஆனால் ஏறினார்.

கயலு, அம்மாக்காரி புத்தி சொல்லாமல் கடிதம் முடியுமா, ஒன்று சொல்கிறேன். அன்பாகக் கொடுக்கிறவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்வது, சண்டைக்காரனிடம் சொல்வதைவிடக் கஷ்டம். நான் அதைச் சொல்லத் தெரியாமல்தான் எங்கள் கல்யாணத்தில் வந்த மூன்று குத்துவிளக்கையும் இன்னும் பரணில் வைத்துக் கட்டிக்கொண்டு அழுகிறேன். நீ இருபத்தெட்டு வயதில் அதைச் சொல்லிவிட்டாய். மாமியார் வீட்டிலும் இதே மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சொல். நின்றுகொண்டு சொல்லாதே.

ஆவடி போகிற ரோட்டில், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடை மேடைக்குப் போனோம். அன்று அடித்த வெயிலை நீயும் மறந்திருக்க மாட்டாய். முதலில் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னாய். பிறகு முழு வண்டி. பிறகு முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் மட்டும். லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். முழு வண்டியின் எடை வந்ததும், அது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருந்தது. உன் மாமா ஸ்டியரிங்கைத் தட்டி, "பாத்தியா! நான் சொல்லல? சும்மா பயம் காட்டிகினு கீது கொளந்த!" என்று ஒரே ஆர்ப்பாட்டம். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பின்சக்கரத்தின் எடை வந்ததும் அவர் கை அப்படியே நின்றது. பின் ஆக்சில் என்கிற அச்சு தாங்கக்கூடியதைவிட நானூறு கிலோவுக்கு மேல். முன் ஆக்சிலோ, சாமான் ஏற்றுவதற்கு முன்னால் வேறொரு மேடையில் நீ எடுத்துவைத்த எடையைவிடக் குறைவு. "சாமான ஏத்துனா எப்டிமே கொறையும்? மிசினு ரிப்பேரு" என்றார். எடை மேடைக்காரர் எட்டிப் பார்த்து, "மிசினு நல்லாத்தான் கீதுண்ணா, காலைலகூட செக் பண்ணிகீறாங்கோ" என்றார். மாமா இறங்கி விறுவிறு என்று டீக்கடைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புரையேறுகிறது. டீக்கடை வாசலில் நீளமான மரப்பெஞ்சு. அதன் கால் ஓரத்தில் இல்லை, சற்று உள்ளே தள்ளி இருந்தது. ஒரு முனையில் மாமா, மறுமுனையில் நானும் உங்கப்பாவும். மாமாவின் உடம்புதான் உனக்குத் தெரியுமே. டீ வந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம். அவ்வளவுதான். எங்கள் முனை ஆகாசத்துக்குப் போனது, அவர் முனை தரைக்குப் போனது. டீ ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம், மாமா நடுவில். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினாய். அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல், அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். காலுக்கு வெளியே தொங்கும் முனையை ஒரு கையால் அழுத்தினார். மறுமுனை தூக்கியது. விட்டார், இறங்கியது. திரும்பவும் அழுத்தினார்.

பிறகு பஸ்ஸைப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த வால் பகுதியை, பீரோவும் அண்டாவும் கிரைண்டரும் நின்ற இடத்தைப் பார்த்தார். "இதான் சங்கதியா?" என்றார். நீ தலையாட்டி, "ஆமா மாமா. வால்ல நூறு கிலோ வெச்சா பின் ஆக்சில் மேல நூத்தம்பது ஏறும். அந்த அம்பது முன்னாடியிருந்து போவுது" என்றாய். நான்கூட அப்போதுதான் புரிந்துகொண்டேன், இரண்டு கிலோ கதவுக்கு நீ ஏன் அப்படி உயிரை விட்டாய் என்று. மாமா வாலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "தண்ணித் தொட்டி எங்க வெச்சிகீற?" என்று கேட்டார். அதுவும் வாலில்தான் இருக்கிறது, முன்னால் இடம் இருந்தும் குழாய்க்கு வசதி என்று அங்கே வைத்துவிட்டோம் என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமாவுக்கு வந்ததே உற்சாகம்! "படிச்சிகினு இதான் லட்சணமா? தண்ணிய போயி வால்ல வெப்பாங்களா? தள்ளு மாப்ள, தண்ணி என் வேல!" என்றார். அந்த ஒரு சொல்லில் என் வயிற்றில் பால் வார்த்தார். கயலு, நீயும் செய்த தப்பு ஒன்றாவது அந்த வண்டியில் இருந்ததற்கு நான் இன்றைக்கும் அம்மனுக்கு நன்றி சொல்கிறேன்.

பிறகு நடந்தது திருவிழா. அவர் சொன்ன சபதத்தை அவரே மறந்து, சாமானை எல்லாம் அவர் கையாலேயே இறக்கினார். போல்ட் போட்டு முடுக்கிய பீரோவைக் கழற்றும்போது, "எவன்டா இத்தினி டைட்டா போட்டது" என்று யாரையோ திட்டினார். தண்ணீர்த் தொட்டி இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தரைக்குக் கீழே போயிற்று. பேட்டரிகள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்தன. சேர்த்த பட்டைகளையும் கழற்ற வேண்டும் என்று நீ சொன்னபோது மட்டும் முகத்தைச் சுளித்தார். "இருந்துட்டுப் போவட்டுமே கண்ணு, பலம்தானே?" என்றார். "இருந்தா தழையாது மாமா. தழைஞ்சாத்தானே ஓவர்னு எனக்குத் தெரியும்" என்றாய். கழற்றினார். நான் என் அம்மிக்கல்லை யாரும் பார்க்காமல் நானே இறக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். நீ பார்த்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டாம் முறை எடை மேடை ஏறிய காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முன் ஆக்சில் சரி. முழு வண்டி சரி. பின் ஆக்சிலின் எண் வருவதற்குள் மாமா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். அளவுக்குள் வந்தது, மிச்சமும் இருந்தது! மாமா ஓடிப்போய் ஓரமாக நிறுத்தியிருந்த தன் தண்ணீர் லாரியில் ஏறி, ஹாரனை அழுத்தியவர் எடுக்கவே இல்லை. உங்கப்பா கைதட்டினார். உங்கப்பா கைதட்டி நீ பார்த்திருக்கிறாயா? அந்த எடை மேடைக்காரர்கூட, "கல்யாணம் இங்கியா நடக்குது அண்ணாத்தே?" என்று கேட்டார்.

நாள் பார்த்துக் குறித்திருந்த முகூர்த்த நேரம் எப்போதோ போய்விட்டது. நீங்கள் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பெண்ணை அனுப்புவதா என்று ஒரு வாய்கூடப் பேசவில்லை, எடையே சரியாக இருக்கும்போது நாளாவது கிழமையாவது. சீர் இல்லாமல் பெண் போகக்கூடாதே என்று எல்லாரும் விழித்தபோதுதான் உன் மாமா துண்டை உதறிக்கொண்டு வந்தார். "முன்னாடி இன்னும் கொஞ்சம் தாங்கும்னு சொன்ன இல்ல கண்ணு? நான் குந்திகினு வரேன். ஊரு எல்ல வரிக்கும் மாமன் சீரு நான்தான்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச்சிமிழ். திருமழிசை வரைக்கும் வந்து, அதை உன் கையில் கொடுத்துவிட்டு டவுன் பஸ் பிடித்துத் திரும்பினார். பீரோவும் கட்டிலும் நம் மாடி அறையில் பத்திரமாக இருக்கின்றன. எப்போதாவது நிற்கிற வீடு வேண்டும் என்று தோன்றினால் வந்து எடுத்துக்கொள். தோன்றாவிட்டால் நான் துணி அடுக்கிக்கொள்கிறேன்.

நீ மறந்துவிடாதே. ஊர் ஊராகப் போகும்போது ஆளாளுக்குப் பலாப்பழம் கொடுப்பார்கள், பானை கொடுப்பார்கள். வாங்கிக்கொள், ஆனால் ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்கு. மலை ஏறுமுன் தொட்டியை நிரப்பாதே, மேலேயும் தண்ணீர் கிடைக்கும். எடை மேடை கண்ணில் பட்டால் வெட்கப்படாமல் ஏறிப் பார். வாழ்க்கைக்கும் இதுதான் பாடம் என்று நான் முடிப்பேன் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டேன். நான் பஸ்ஸைப் பற்றித்தான் சொல்கிறேன். டயரில் காற்றையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். நேற்று உங்கப்பா ஆவடி போய்விட்டு வரும்போது, எடை மேடையில் தண்ணீர் நிரப்பிய லாரி ஒன்று நிற்பதைப் பார்த்திருக்கிறார். உன் மாமாவின் லாரி. அது ஓட ஆரம்பித்த நாளிலிருந்து யார் சொல்லியும் எடை மேடையில் ஏறாத லாரி. அவர் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, இறங்கிப் பார்த்து, பிறகு பின்சக்கரத்தை ஏற்றியிருக்கிறார், நீ செய்த மாதிரியே. நான் போய்க் கேட்டேன். "சும்மாதாம்மே. ரொம்ப ஓவரா கீது" என்றார். இன்றைக்குக் காலையிலிருந்து தொட்டியை முழுசாக நிரப்புவதில்லை. ஃப்ளாட் செகரட்டரி எட்டிப் பார்த்து, "என்னங்க குறையுது?" என்று கேட்டதற்கு, "இன்னொரு நட அடிச்சிக் குடுக்கறேன் சார். எந்தங்கச்சி பொண்ணு சொல்லிகீது" என்றாராம்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் உத்தரவு. அதனால் நீ தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. இன்று சாயங்காலம் சிக்னல் இருக்கிற இடத்தில் நிறுத்தி அவருக்கு ஒரு போன் போடு. "மாமா, லாரி எப்படி ஓடுது?" என்று மட்டும் கேள். அவரே சொல்லுவார்.